நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு புத்தகம்

சிபாலே ஊரில் அதைக் 'கஞ்சி வழிக்கும் பள்ளி' என்றுதான் சொல்வார்கள். தட்டில் ஒட்டியிருக்கும் சோளக்கஞ்சியை ஆள்காட்டி விரலால் வழித்து நக்குகிற வயசுப் பிள்ளைகளின் பள்ளி. அந்த விரலுக்கும் ஊர்ப் பேச்சில் 'கஞ்சி வழிக்கும் விரல்' என்றுதான் பெயர். கிண்டலாக வைத்த பெயர் என்றாலும் மெலிஃபாவுக்கு அதில் வருத்தம் இல்லை. கஞ்சி இல்லையென்றால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். கஞ்சி வழித்த அதே விரலைத்தான் நாளைக்கு எழுத்துக்கு அடியில் வைத்து நகர்த்தப்போகிறார்கள். நடுவில் விரலைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

மெலிஃபா பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஊரில் அந்த அளவு படித்த பெண்கள் மூன்று பேர். மற்ற இருவரும் பெரிய ஊருக்குப் போய்விட்டார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஊர்க் கமிட்டி அவளைக் கூப்பிட்டு, "அம்மாமாருங்க வயலுக்குப் போற நேரத்துல பிள்ளைங்களைக் கொஞ்சம் பாத்துக்க" என்று தேவாலயச் சாவியைக் கையில் கொடுத்தது. பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார்கள். படிக்க வைக்கச் சொன்னவர்கள் யாருமில்லை. அது அவளாக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்ட வேலை.

பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். புத்தகம் ஒன்று. மாவட்டத் தலைநகரில் நடந்த பயிற்சியில் கொடுத்தது. பதினாறு பக்கம், அட்டை போய் இரண்டு வருடமாகிவிட்டது. தேவாலயத்தின் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பாய் விரித்து, நடுவில் ஒரு துணியைப் போட்டு அதன் மேல் புத்தகத்தை வைப்பாள். பிள்ளைகள் அதைச் சுற்றி வட்டமாக, மூன்று அடுக்காக உட்காருவார்கள். ஜன்னல் சின்னது என்பதால் வெளிச்சம் வாசல் வழியாகத்தான் வரவேண்டும். மெலிஃபா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாணல் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொடுவாள். "மா, மே, மீ, மோ, மூ" என்று நாற்பத்து மூன்று தொண்டைகள் எழுப்பும் சத்தம் ஏரிக்கரையில் வலை காயப்போடுகிறவர்களுக்குக் கேட்கும்.

சத்தத்தை நம்பக்கூடாது என்று மெலிஃபாவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஃபாட்சானி. நாலரை வயசில் அவன் அந்தப் பதினாறு பக்கத்தையும் கடகடவென்று ஒப்பிப்பான். சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்புவான். அவன் அப்பா சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து வேடிக்கை காட்டினார். ஒருநாள் மெலிஃபா கரும்பலகையில் 'மீன்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதிக் காட்டினாள். பையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இது எந்தப் பக்கத்துல இருக்கு டீச்சர்?" என்றான்.

அன்றைக்கு அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள். ஒரு வருடம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் பாட்டுக் கச்சேரி என்று தெரிந்தால் யாருக்குத்தான் அழுகை வராது. அதற்குப் பிறகு அவள் காதை நம்புவதை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அதே ஃபாட்சானிதான் அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு இன்னொன்றையும் காட்டினான். பிள்ளைகளைக் கை கழுவ ஏரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். கரையில் ஒரு பழைய படகு கிடந்தது. அவன் பிறந்ததிலிருந்து ஏறி இறங்கி விளையாடிய படகு. அதன் பக்கவாட்டில் யாரோ எப்போதோ நீலப் பெயின்டில் 'கடவுள் இருக்கிறார்' என்று எழுதியிருந்தார்கள். பையன் அதைக் கடந்து ஓடியவன் சட்டென்று நின்றான். உதடு அசைந்தது. ஒரு முறை, இரண்டு முறை. பிறகு மெதுவாகத் திரும்பி மெலிஃபாவைப் பார்த்தான்.

"டீச்சர், இந்தப் படகு பேசுது."

சொல்லிவிட்டுப் பயந்துபோய் வீட்டுக்கு ஓடிவிட்டான். மெலிஃபாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நேற்றுவரை வெறும் கோடாக இருந்தது இன்றைக்குக் குரலாகிவிட்டது. யார் எழுதினார்கள் என்று தெரியாது, அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. ஆனாலும் அவர் சொன்னது ஐந்து வயசுப் பையனின் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதைவிடப் பெரிய அதிசயத்தை அவள் தேவாலயத்தில்கூடக் கேட்டதில்லை. ஆறு வருடத்தில் அந்தக் கணத்தை அவள் முப்பத்தொரு முறை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

சுங்கேனியிடம் மட்டும் அதைப் பார்க்க முடியவில்லை.

சுங்கேனி எலும்பும் தோலுமான சின்னப் பெண். கண் மட்டும் பெரிசு. பள்ளிக்குத் தனியாக வரமாட்டாள், வீட்டு ஆட்டோடுதான் வருவாள். அம்மா எனலெஸி வயலில் நிற்கும் நேரத்தில் ஆட்டைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அந்த ஆடு இருக்கிறதே, அது ஊரறிந்த போக்கிரி. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு மரவள்ளியில் மூக்கை நுழைத்து இரண்டு முறை பஞ்சாயத்து வரை போன ஆடு. சுங்கேனியின் பிறந்த தேதி எழுதியிருந்த ஆஸ்பத்திரி நோட்டையும் அதுதான் தின்றது. ஆகவே மற்றவர்கள் நாளுக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்தாலும், வட்டத்தில் அவள் இடம் எப்போதும் ஒன்றுதான்: முதல் அடுக்கில், வாசலைப் பார்த்து, மெலிஃபாவுக்கு நேர் எதிரே. ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் வெளியே மாமரத்தடியில் கட்டியிருக்கும் ஆட்டின் மேல்.

கூட்டத்தோடு சொல்லும்போது அவள் ஒரு எழுத்துகூடத் தவறமாட்டாள். தனியாகப் படிக்கக் கூப்பிட்டால்தான் வம்பு. மெலிஃபா அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திப் புத்தகத்தைக் கையில் கொடுப்பாள். சுங்கேனி அதை வாங்கி, நிதானமாகத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, தண்ணீர் மாதிரி படிப்பாள். மற்ற பிள்ளைகள் பாயில் உருண்டு உருண்டு சிரிப்பார்கள்.

"இது என்ன பானை மூடியா, எப்படி வேணா வைக்கிறதுக்கு" என்று மெலிஃபா புத்தகத்தை நேராகத் திருப்பிக் கொடுப்பாள். உடனே பெண்ணின் வாய் அடைத்துவிடும். எழுத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே நிற்பாள். மெலிஃபாவுக்கு ஃபாட்சானி ஞாபகம்தான் வரும். இன்னொரு பாட்டுக்காரி. எழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்றுகூடத் தெரியாத பாட்டுக்காரி.

வேறு வருடமாக இருந்தால் பரவாயில்லை, இன்னும் ஒரு வருடம் கஞ்சி வழிக்கட்டும் என்று விட்டிருப்பாள். இந்த வருடம் அப்படி விட முடியாது. எனலெஸியின் அக்கா மலை மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளைகளை வைத்துக்கொள்ள சுங்கேனியை அனுப்பு என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்படிப் போன பெண் பிள்ளைகளை மெலிஃபாவுக்குத் தெரியும். இரட்டைப் பிள்ளை வளர்வதற்குள் மூன்றாவது பிறக்கும். எட்டு வயசில் ஒரு முறை ஊருக்கு வருவார்கள், பன்னிரண்டு வயசில் ஒரு முறை வருவார்கள். பள்ளிக்குத் திரும்பியவள் என்று ஒருத்தியைக் கூட அவளால் சொல்ல முடியாது.

"பெரிய பள்ளிக்கூடம் எடுத்துக்கிட்டா இங்க இருக்கட்டும்" என்று எனலெஸி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "எடுத்துக்கலேன்னா அந்தச் சனிக்கிழமையே லாரியில ஏத்தி விட்டுடுவேன். எங்க அக்கா தனியா ரெண்டை வச்சுக்கிட்டு அல்லாடுறா. நான் எதைச் சொல்லி மறுக்கிறது?"

பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்ளும் வழி இரண்டு. ஆறு வயசு ஆகியிருக்க வேண்டும். நோட்டு இல்லாத பிள்ளைகளுக்குப் பழைய முறைதான், கை தலைக்கு மேலாக வளைந்து மறுபக்கத்துக் காதைத் தொடவேண்டும். சுங்கேனியின் விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவில் இன்னும் இரண்டு விரல் இடைவெளி. அவள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், எட்டவில்லை. இன்னொரு வழி, படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் ம்சோசா புதிதாகப் போட்ட விதி. அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் வகுப்பில் போன வருடம் நூற்று எண்பத்தேழு பேர், ஆசிரியர் ஒருவர்.

அவர் படிக்க வைத்துப் பார்க்கும் நாளுக்கு முந்தைய மூன்று வாரம் மெலிஃபா சுங்கேனியைத் தினமும் மத்தியானம் நிறுத்தி வைத்தாள். ஆட்டைத் தன் வீட்டு வாசலில் கட்டினாள். புத்தகத்தைப் பெண்ணின் மடியில் நேராக வைத்து, மா மே மீயிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவித் தப்பு தப்பாகச் சொன்னாள். இரண்டு வருடம் உட்கார்ந்த பிள்ளை, நேற்று வந்த பிள்ளையைவிட மோசமாகத் தடுமாறினாள். ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பக் கையெடுத்தாள். மெலிஃபா பட்டென்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். பெண் சத்தமில்லாமல் அழுதாள். கண்ணீர் விழுந்து ஒரு பக்கம் கொஞ்சம் உப்பிவிட்டது.

வியாழக்கிழமை எனலெஸி வீட்டுக்கே வந்து கேட்டாள். "டீச்சரம்மா, மறைக்காம சொல்லுங்க. என் பிள்ளைக்குப் படிக்க வருதா வரலையா?"

மெலிஃபா பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. கமிட்டியிடம் சோளமாவு பற்றி எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். இந்த விஷயத்தில் மட்டும் வாய் வரவில்லை.

"வரலை, சுங்கேனி அம்மா. நாளைக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம். ஆனா வரலை."

எனலெஸி தலையை ஆட்டினாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மகளின் இரண்டு கவுனையும் துவைக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பப் பள்ளியின் அத்தி மரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். வகுப்பறைகளுக்குள் அடுத்த வாரத்துக்காகச் சாணி மெழுகிக் காயவிட்டிருந்ததால் எல்லாம் வெளியேதான். ஆறு வயசாகாத பிள்ளைகள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அம்மாக்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், நாலைந்து அப்பாக்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ம்சோசா சார் தலையில் துளி முடி இல்லாத, கழுத்தில் டை கட்டிய மனிதர். மேஜை மேல் மூன்று சாமான் வைத்திருந்தார்: யாரும் பார்த்திராத புதுப் புத்தகம் ஒன்று, அனுமதிச் சீட்டுக் கட்டு ஒன்று, அவர் நினைவுக்காக எழுதிக்கொள்ளும் நோட்டு ஒன்று. பெரிய ரெஜிஸ்டரை ஆங்கிலத்தில் எழுதுவார். இந்த நோட்டில் எழுதுவது சொந்தப் பேச்சான சிச்சேவாவில், கரும்பலகையில் எழுதுகிற மாதிரியே குண்டு குண்டாக.

பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தார்கள். மெலிஃபாவின் பிள்ளைகள் ஏழு பேர் தேறினார்கள். ஒவ்வொருவர் படிக்கும்போதும் அவள் உதடும் கூடவே அசைந்தது. பத்தாவதாக மவேத்தோ என்கிற பையன் ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிட்டு, கேட்காமலே அடுத்த பக்கத்தையும் படிக்கத் தொடங்கினான்.

"போதும்ப்பா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றார் சார்.

கடைசியாக சுங்கேனி. துவைத்த கவுன் இன்னும் சரியாகக் காயாமல் காலில் ஒட்டியது. சார் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் வாங்கினாள், திரும்பி மெலிஃபாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். அப்பாக்கள் சிரித்தார்கள். சார் நேராக்கிக் கொடுத்தார். அவள் நேராக இருந்த பக்கத்தை உற்றுப் பார்த்தாள். "ம... மு..." என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கை தானாகப் புத்தகத்தை மறுபடி திருப்பப் போனது. சார் அதைப் பக்குவமாக வாங்கி மேஜை மேல் மூடி வைத்தார்.

"பரவாயில்லம்மா. அந்தப் பக்கமா போய் நில்லு" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் மெலிஃபாவுக்கு இன்னும் வலித்தது.

சுங்கேனி மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவருக்கு எதிரே நின்றாள். தாடை மேஜை விளிம்பைத் தொட்டது. சார் நோட்டைத் திறந்து, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வரி எழுதினார். பின்னால் எனலெஸி எழுந்து துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மெலிஃபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுங்கேனி" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. "படிக்கத்... தெரியவில்லை. அடுத்த... வருடம்... வரட்டும்."

சார் பேனாவை எடுக்காமலே நிமிர்ந்தார். "யாரு சொன்னது?"

சுங்கேனி மேஜை மேல் கண்ணை வைத்தபடி நின்றாள்.

"நான் வாயைத் திறக்கலையே" என்றார் சார், தனக்குத்தானே சொல்வது போல. நோட்டைப் பார்த்தார். அந்த வரி அங்கே ஈரம் காயாமல் இருந்தது. "ஏ பொண்ணு. இப்ப என்ன சொன்ன?"

அவள் மறுபடி அதையே சொன்னாள். இந்த முறை தடங்கல் குறைவு. சொல்லி முடித்ததும், கேட்காமலே அதற்கு மேல் இருந்த வரிக்குப் போனாள். "மவேத்தோ. நன்றாகப் படிக்கிறான். அப்பா சண்டைக்காரர். ஜாக்கிரதை."

சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "யாரைச் சொல்றீங்க சார்?" என்றார். சார் உள்ளங்கையை விரித்து நோட்டை மூடினார். கூட்டம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கணம் தவித்தது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவரவருக்கு மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்திருந்தது.

சார் புதுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். நடுவில் எங்கோ ஒரு பக்கத்தைத் திறந்து, தனக்கு நேராக, அவளுக்குத் தலைகீழாக, மேஜை மேல் வைத்தார். சுங்கேனி விரலை நீட்டினாள். அவள் விரல் வலமிருந்து இடமாக, தனக்குப் பக்கத்து மூலையில் தொடங்கி வரி வரியாகச் சாரை நோக்கி ஏறிப் போனது. முதலை ஒன்று ஆற்றங்கரையில் தூங்குவதையும், பறவை ஒன்று அதன் பல்லைச் சுத்தம் செய்வதையும் அவள் படித்தாள். அவள் கேட்டிராத கதை, கண்டிராத பக்கம். ஒரு சொல்லில் நின்றாள், உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தாள், சரியாகச் சொல்லிவிட்டு மேலே போனாள். அந்தப் பறவையின் தைரியத்தைப் படிக்கும்போது அவளுக்கே ஆச்சரியம் வந்து ஒரு முறை நிமிர்ந்து சாரைப் பார்த்தாள். இந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

மெலிஃபா எழுந்து மேஜையைச் சுற்றிப் போய்ப் பெண்ணுக்குப் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். தாடையைக் குழந்தையின் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் கண் பார்க்கும் இடத்திலிருந்து தானும் பார்த்தாள். எழுத்தெல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. முதல் சொல்லைப் படிக்க முயன்றாள். பத்தாம் வகுப்பு படித்தவளுக்கு அந்த ஒரு சொல்லைக் கூட்டி முடிக்கவே நெற்றி வேர்த்தது. இரண்டாவது சொல்லில் வழி தவறிவிட்டாள்.

இரண்டு வருடம். தினமும் காலையில் இந்தப் பெண் தனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தான் குச்சியால் தொட்டதெல்லாம் அவளுக்குத் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கிறது. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. எழுத்து என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி, ஒரு கண்ணை ஆட்டின் மேல் வைத்துக்கொண்டே, ஒருவரும் நடக்காத பாதையில் தன்னந்தனியாக நடந்து எல்லோரும் போய்ச் சேர்ந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். எந்த மாதத்தில், எந்தக் காலையில் அந்தக் கணம் வந்ததோ. முப்பத்தொரு முறை பார்த்து மகிழ்ந்த மெலிஃபா, மூன்று முழ தூரத்தில் நடந்த முப்பத்திரண்டாவதைப் பார்க்கவில்லை. பார்க்காதது மட்டுமில்லை, புத்தகத்தைத் திருப்ப வந்த அவள் கையைப் பிடித்துத் தடுத்தும் இருக்கிறாள்.

"சுங்கேனி" என்றாள். "நான் பாக்காம விட்டுட்டேன்டா. தப்பு என் மேலதான்."

பெண் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் முறையீடு இருந்தது. "நீங்கதான் டீச்சர் எப்பவும் புக்கைத் திருப்பிடுவீங்க" என்றாள். "அப்புறம் எழுத்தெல்லாம் தலைகீழா நிக்கும். நான் எப்படிப் படிக்கிறது?"

ம்சோசா சார் டையைத் தளர்த்திக்கொண்டார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் இப்படி மூச்சை இழுத்து விட்டதை யாரும் பார்த்ததில்லை. நோட்டில் எழுதிய வரியை இரண்டு கோடு போட்டு அடித்தார்.

"சார், நேரா வச்சா அவளுக்குப் படிக்க வராதே" என்றாள் மெலிஃபா. தன் பிள்ளைக்காகப் பேசும்போதுகூட உள்ளதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

"அது ஒரு மாசத்து வேலை டீச்சர்" என்றார் அவர். "படிக்கிறதுன்னா என்னன்னே தெரியாதவங்களுக்குத்தான் எனக்கு வருஷக்கணக்கா ஆகுது. இவ எழுத்தோட எந்தப் பக்கத்துல நின்னா என்ன, எழுத்து இவகிட்ட பேசுதே." பிறகு சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து எழுதினார். எழுதும்போது, ஏனோ தெரியவில்லை, எழுத்தை வழக்கத்தைவிட இன்னும் பெரிசாகப் போட்டார்.

சீட்டை எனலெஸியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. நடந்ததில் பாதிதான் அவளுக்குப் புரிந்திருந்தது. தலைகீழ் என்கிறார்கள், நேர் என்கிறார்கள். அவளுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான்.

"டீச்சரம்மா, நேத்து நீங்க வரலைன்னு சொன்னீங்க" என்றாள். "இன்னைக்கு வருதுங்கறாங்க. பாவம்னு பாத்து சார் ஏதாச்சும் எழுதிக் குடுக்கிறாரா? அப்படின்னா வேணாம். எங்க அக்காகிட்ட நான் வார்த்தை குடுத்திருக்கேன்."

"நான் நேத்து சொன்னது தப்பு" என்றாள் மெலிஃபா. "நான் படிச்சுக் காட்டினா நீங்க நம்பவேணாம். சார் படிச்சாலும் நம்பவேணாம். சீட்டைக் கையில பிடிங்க."

எனலெஸி சீட்டை வாங்கி, மற்ற அம்மாக்கள் பிடித்ததைப் பார்த்திருந்தபடி, இரண்டு கையாலும் தன் மார்புக்கு எதிரே கிடையாகப் பிடித்தாள். சுங்கேனி அவளுக்கு முன்னால் வந்து கட்டை விரலில் எக்கி நின்றாள். அம்மாவின் கட்டை விரல்களுக்கு நடுவில் இருந்த காகிதத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"சுங்கேனி. முதல் வகுப்பு. திங்கட்கிழமை காலை வரட்டும்" என்று படித்தாள். இன்னும் ஒரு வரி இருந்தது. அதைக் கூட்டிப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அம்மா பெயர், எனலெஸி."

எனலெஸி காகிதத்தைப் பார்த்தாள், மகளின் வாயைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். தன் பெயர் ஒரு காகிதத்தில் இருக்க முடியும் என்பதே அவளுக்குப் புதிசு. அது அங்கே இருப்பதைத் தன் வயிற்றில் பிறந்தது கண்டுபிடித்துச் சொல்கிறது.

"நான் எங்க இருக்கேன்?" என்று மெல்லக் கேட்டாள்.

சுங்கேனி விரலை வைத்துக் காட்டினாள். எனலெஸி அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அதற்குள் அப்பாக்கள் சைக்கிள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். மவேத்தோவின் அப்பா மட்டும் சாரோடு ஏதோ பேசுவதற்காக நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள் எனலெஸி.

சுங்கேனி படித்தாள். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னாள், அதையும் படித்தாள். அதன் பிறகுதான் எனலெஸி சீட்டை நாலாக மடித்துத் துணி முடிச்சில் வைத்து இறுக்கினாள்.

"அக்காவுக்குக் காய்ஞ்ச மீன் ஒரு மூட்டை அனுப்பிடலாம்" என்றாள் மெலிஃபாவிடம். "பிள்ளையை அனுப்பலை."

சனிக்கிழமை லாரி வந்தபோது மீன் மூட்டை மட்டும்தான் ஏறியது.